நிலாவுக்கு இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் மைல்

அந்த விளம்பரத்தில் மொத்தம் பதினேழு சொற்கள். பதினைந்தைச் சரியாகப் படித்தேன். மீதி இரண்டைத் தப்பாகப் படித்தேன். அதன் பிறகு எங்களுக்கு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு சொற்கள்தான் காரணம்.

ஆங்கிலப் பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமைத் தாளில், வாடகை வீடுகளுக்கும் மணமகன் தேவைக்கும் நடுவே அது வந்திருந்தது. ஜெர்மன் நாட்டுச் சொகுசுக் கார், டீசல், பழையது, ஒரே சொந்தக்காரர் கையில் ஓடியது, ஹை மைலேஜ், அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் நேரில் பார்க்கலாம். எண்பதுகளின் கடைசிப் பகுதி. எனக்கு வயது ஐம்பத்தொன்று. ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றின் அளவுமானிப் பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் செய்யும் பொருள் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்கக் கருவிகள் உண்டு. அந்தக் கருவிகள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. அப்படிப்பட்ட வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தவன் இரண்டு சொற்களில் வழுக்கினேன் என்பதை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவனுக்குச் சொகுசுக் கார் எதற்கு என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். அதற்கு மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

என் மனைவி பாடி நிறுத்தத்தில் பேருந்திலிருந்து இறங்கும்போது, கடைசிப் படியில் ஒரு கால் இருக்கையிலேயே வண்டி நகர்ந்துவிட்டது. இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் அடி. ஒன்பது வாரம் படுக்கை. பிறகு எழுந்தாள், நடந்தாள், சமைத்தாள். ஆனால் எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் முதல் பள்ளத்திலேயே முகம் வெளுத்துவிடும். ஆட்டோவில் நூறு கஜம் போவதற்குள் இறக்கிவிடச் சொல்லி அழுதாள். டாக்சியிலும் அப்படித்தான். ரயில் அவ்வளவாகக் குலுங்காது. ஆனால் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நாற்பத்தெட்டுப் படிகள். "இனிமே குலுங்காத வண்டியில மட்டும் போங்கம்மா" என்றார் டாக்டர். அவர் அதைப் பேச்சுக்குச் சொல்லியிருப்பார். நான் அதை ஒரு அளவாக எடுத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் அவள் உலகம் ஒரு ஜன்னல். அதில் தெரிந்தவை பதினொரு கல்நார்க் கூரைகள், இரண்டு வேப்பமரங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி. கொங்குநாட்டுக்காரி. கல்யாணமாகி ஆவடிக்கு வந்த புதிதில் பூந்தமல்லி வரைக்கும் நடந்தே போய்ப் பூ வாங்கி வந்தவள். இப்போது வெளியுலகம் அவளுக்கு என் மூலமாகத்தான் வந்தது. வேலை முடிந்து சைக்கிளில் பருத்திப்பட்டு ஏரிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவேன். வந்து சொல்வேன்.

"ஏரியில இன்னைக்குப் பதினாலு எருமை. கொக்கு முப்பத்தொண்ணு. கரையில நாலு பேர் தூண்டில் போட்டுட்டு இருந்தாங்க."

"ம்."

"தண்ணி ரெண்டு படி இறங்கியிருக்கு."

ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, எத்தனைன்னு சொல்றீங்க. எப்புடி இருந்துச்சுன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டேங்கறீங்களே?"

"எப்படின்னா?"

"அதத்தான் நானும் கேக்கறனுங்க."

மறுநாள் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றேன். எருமைகளை எண்ணாமல் பார்க்க முயன்றேன். ஏழு வரை தானாகவே எண்ணிவிட்டது மனம்.

அதனால்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்ததும் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பெரிய ஜெர்மன் வண்டிகள் குலுங்காது என்று தொழிற்சாலையில் யாரோ சொன்னது நினைவிருந்தது. ஆனால் அவை டீசலைக் குடிக்கும் என்றும் சொன்னார்கள். இந்த வண்டியோ 'ஹை மைலேஜ்'. நம் ஊரில் மைலேஜ் என்றால் ஒன்றுதான்: லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்பது. ஸ்கூட்டர் வாங்குகிறவன் கேட்கிற முதல் கேள்வி, "மைலேஜ் எவ்ளோ?" குலுங்கவும் குலுங்காது, எண்ணெயும் குடிக்காது. இப்படி ஒரு வண்டியை ஒருவர் ஏன் விற்கிறார் என்று மட்டும்தான் கவலைப்பட்டேன்.

கள்ளிக்குப்பத்தில் அந்த வீட்டு வாசலில், முருங்கை மரத்தடியில், வண்டி நின்றது. தந்த நிறம். மரத்திலிருந்து உதிர்ந்த வெள்ளைப் பூக்கள் அதன் கூரை முழுக்கக் கிடந்தன. யாரோ அலங்கரித்து நிறுத்திவிட்டு மறந்து போனது போல இருந்தது. விற்கிறவர் எழுபது வயதைத் தாண்டியவர். இங்கிலாந்தில் நெடுங்காலம் ஊர் ஊராக மருந்து விற்கும் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் தன் வண்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர். கண் மங்கி வருவதால் இனி நெடுந்தூரம் ஓட்ட முடியாது என்றார். காரணம் கிடைத்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

"மைலேஜ் அதிகம்னு போட்டிருந்தீங்க" என்று ஆரம்பித்தேன். "நிஜமாவே அதிகமா?"

"ரொம்ப ரொம்ப அதிகம் சார். அதை மறைச்சு விக்க எனக்கு மனசு வரலை. வாங்கறவங்க பின்னாடி வருத்தப்படக் கூடாது பாருங்க."

"இதுல வருத்தப்பட என்ன சார் இருக்கு? எனக்கு அதுதானே வேணும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அதுதான் வேணுமா?"

"எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது."

என்னை நெடுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியது போலிருந்தது, வெயிலாகவும் இருக்கலாம். வீட்டுக்குள் திரும்பி, "இந்தா, காபி கொண்டு வா. வண்டியோட அருமை தெரிஞ்சவர் வந்திருக்கார்" என்று குரல் கொடுத்தார். இதற்கு முன்னால் ஆறு பேர் வந்து, மைலேஜைக் கேட்டுவிட்டு முகம் சுளித்துப் போய்விட்டார்களாம். அந்த ஆறு பேரும் ஏன் முகம் சுளித்தார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். என்னை நானே மெச்சிக்கொண்டிருந்ததில் கேட்காமல் விட்டேன்.

பையிலிருந்து என் ரசமட்டத்தை எடுத்தேன். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பாரே, கண்ணாடிக் குழாய்க்குள் திரவமும் ஒரு காற்றுக் குமிழியும், அதுதான். பின் இருக்கையில் அதை வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவரை ஓட்டச் சொன்னேன். கள்ளிக்குப்பத்துத் தெருக்களில் அப்போது பள்ளங்களுக்கு நடுவில்தான் சாலை. இருபத்திரண்டு பள்ளங்களில் ஏறி இறங்கினோம். வண்டி ஒவ்வொரு பள்ளத்தையும் பெருமூச்சு விட்டு மன்னித்தது போல் கடந்தது. குமிழி குழாயின் நடுவில் தூங்கி வழிந்தது. நடுவைக் குறிக்கும் இரண்டு கோடுகளுக்கு வெளியே ஒரு தடவை கூடப் போகவில்லை. வெல்லப்பாகு நிறத் தோல் இருக்கையில், ஈரம் காய்ந்த பழைய புத்தகத்தின் வாசனையில், நான் அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்கு அதற்குள் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு வீடு கட்டலாம் என்று திருமுல்லைவாயில் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று அந்த வண்டியை வாங்கினேன். அதை அவளிடம் சொன்னேன்.

"வீட்டுக்குப் பதிலா வண்டியா?" என்றாள். பிறகு, "எத்தனை ஜன்னலுங்க?"

"ஆறு. முன்னாடி பின்னாடி கண்ணாடியையும் சேர்த்து."

"இந்த ரூமுக்கு ஒண்ணுதான்" என்று மட்டும் சொன்னாள்.

வண்டி குவார்ட்டர்ஸ் வாசலில் நுழைந்த அன்று, கேட்டுப் பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். "இன்னா சார் இது, இம்மாம் நீளம் கீது! உள்ளயே ஒரு ஊடு கட்டிக்கலாம் போல!" மனை போன செய்தி அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

தொழிற்சாலையில் ஜீப் ஓட்டிய பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் இந்த வண்டியைக் கிளப்புவதே ஒரு சடங்கு. டாஷ்போர்டில் இருக்கும் ஒரு குமிழைப் பிடித்து இழுத்துக் காத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு கம்பி மெதுவாகச் சிவந்து, என்ஜின் சூடானதும்தான் கிளம்பும். நாற்பது எண்ண வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, அவளைத் தலையணைகளோடு பின் இருக்கையில் சாய்த்து உட்காரவைத்தேன். கதவு சாத்தியதும் வெளிச்சத்தம் எல்லாம் துணியில் சுற்றியது போல அடங்கிவிட்டது. நான் எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டில் அவளும் சேர்ந்துகொண்டாள். முப்பதுக்கு மேல் அவள் குரல் மட்டும்தான் கேட்டது. நான் பயத்தில் எண்ணுவதை விட்டு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தேன்.

பருத்திப்பட்டு வரைக்கும் நடை வேகத்தில் போனேன். ரசமட்டத்தை முன்னால் வைத்திருந்தேன். குமிழியை ஒரு கண்ணால் பார்த்தேன், சாலையை ஒரு கண்ணால். மார்கழிப் பனி. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கரையில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அவள் கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தாள்.

"வலிக்குதா?"

"கம்முனு இருங்க" என்றாள். நெடுநேரம் கழித்து, "அந்த எருமைங்க பாருங்க, தண்ணிக்குள்ள இருக்கறதே தெரியலைங்க. தலை மட்டும் தனியா மெதந்து போகுது. ஊருக்குள்ள கருப்புப் பானைங்களை யாரோ அனுப்பிவிட்ட மாதிரி."

பதினாலு எருமைகள். மூன்று வருடமாக நான் அவற்றைத்தான் எண்ணியிருந்தேன். பானைகளைப் பார்த்ததில்லை.

அப்படி எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அவள் முகத்தில் நிறம் திரும்பியது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. டீசல் கணக்கு உதைத்தது. ஹை மைலேஜ் வண்டி லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டராவது ஓட வேண்டாமா? ஒன்பதைத் தாண்டவில்லை. எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்தேன். பூந்தமல்லியில் வெளிநாட்டு வண்டி பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருந்தார். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன்.

பாய் அடியில் படுத்துப் பார்த்தார், மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். "சொட்டு ஒயுகல சார். இந்த வண்டி இம்மாந்தான் குடுக்கும். உனக்கு யாரு பதினெட்டுன்னு சொன்னது?"

"விளம்பரத்திலேயே போட்டிருந்தது. ஹை மைலேஜ்னு. அவரும் தன் வாயால சொன்னார்."

பாய் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு தொடையில் தட்டிக்கொண்டு.

"இன்னா சார், பட்ச்சவரு நீயி! வெளிநாட்ல மைலேஜுன்னா லிட்டர் கணக்கு இல்ல. இதுவரிக்கும் எம்மா தூரம் ஓடிக்கினு கீதுன்னு அர்த்தம். அந்தப் பெரியவரு பாவம், 'ரொம்ப ஓடிட்ச்சு, களச்சிப் போச்சு'ன்னு உண்மய சொல்லிக்கீறாரு. நீ அத நல்ல சேதின்னு நென்ச்சிகினு வாங்கியாந்துட்ட!"

"மீட்டர்ல முப்பத்துநாலாயிரம் மைல்தானே காட்டுது?"

"அதுல அஞ்சு நம்பருதான சார் கீது? லட்சம் ஆனா திரும்பி முட்டைலருந்து ஆரம்பிச்சிடும். சர்வீஸ் புக்கு கீதா?"

இருந்தது. முன்பெட்டியில் இருந்த சிறிய கையேடு. அதில் இருந்த முத்திரைகளை நான் முதல் நாளே எண்ணியிருந்தேன், நாற்பத்தாறு. ஒவ்வொரு முத்திரைக்குப் பக்கத்திலும் அன்றைய மைல் கணக்கு மையில் எழுதப்பட்டிருந்ததைப் படிக்கவில்லை. பாய் எண்ணெய்க் கறை படிந்த விரலால் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனார். பதினெட்டாவது முத்திரைக்கும் பத்தொன்பதாவதுக்கும் நடுவில் ஒரு லட்சம் தாண்டியிருந்தது. முப்பத்தெட்டில் இன்னொரு லட்சம்.

"ரெண்டு தபா சுத்திகினு வந்துகீது" என்றார். "ரெண்டு லச்சத்து முப்பத்துநாலாயிரத்துச் சொச்சம்." சிரிப்பு போய்விட்டிருந்தது. "சார், என் பேச்சக் கேளு. பார்ட்ஸுக்குன்னு எடுத்துக்கறவன் ஒத்தன் கீறான். நல்லாக் கீறப்பவே குத்துடு. இதுக்கு ஒரு ஸ்பிரிங்கு ஒடஞ்சா மெட்ராஸ்ல கெடைக்காது."

"இன்னும் எவ்வளவு ஓடும்?"

"ஓடற வரிக்கும் ஓடும்."

இதைவிட மோசமான ஒரு பதிலை எனக்கு யாரும் சொன்னதில்லை.

வீட்டில் சொல்லவில்லை. அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் வண்டியை வெளியே எடுத்தேன். ஆனால் என் காது முழுக்க என்ஜினில் இருந்தது. ஒவ்வொரு சத்தமும் புதிதாகப்பட்டது. அவள் மறுபடி அந்தப் பதினொரு கூரைகளுக்குத் திரும்பிப் போகிற நாள், ஸ்பிரிங்கின் ஏதோ ஒரு வளையத்தில் மயிரிழை விரிசலாக ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். உலோகம் அப்படித்தான் உடையும். அது எனக்குத் தெரியும்.

"ஏனுங்க" என்றாள் மூன்றாவது வாரம். "கொக்கு எத்தனைன்னு நீங்க சொல்லி மூணு வாரமாச்சு. என்ன ஆச்சு உங்களுக்கு?"

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திச் சொன்னேன். விளம்பரத்தின் இரண்டு சொற்கள், பாயின் சிரிப்பு, நாற்பத்தாறு முத்திரைகள் எல்லாவற்றையும். மனையை விற்றதற்கு அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு லட்சத்து முப்பத்துநாலாயிரம் மைலா?"

"சரியா இந்த நிமிஷத்துல ரெண்டு லட்சத்து முப்பத்துநாலாயிரத்து நானூற்றுப் பன்னெண்டு."

"நெலாவுக்கு எத்தனை மைலுங்க?"

பள்ளிக்கூடத்தில் படித்தது என்னிடமிருந்து எதுவும் போகாது. "சராசரியா ரெண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து எண்ணூற்றைம்பத்தஞ்சு."

"அட, கிட்டக்க வந்திருச்சுங்களே!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மிச்சம் எவ்வளவு?"

"நாலாயிரத்து நானூற்று நாற்பத்துமூணு."

"அவ்வளவுதானே. போயிரலாமுங்க."

"சராசரின்னு சொன்னேனே. நிலா ஒரே தூரத்துல நிக்காது. கிட்ட வரும், தள்ளிப் போகும்."

"நாம போற அன்னிக்குக் கிட்ட வரும். பேசாம ஓட்டுங்க."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இருபது மைல் என்றால் நான்கு வருடம் மூன்று மாதம். நான் ஒரு தாளில் கட்டம் போட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்குப் பதிலாக இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி என்று எண்ண ஆரம்பித்தேன். எண்கள் என்னவோ அதே எண்கள்தான். எனக்குத் தூக்கம் வந்தது.

அந்த வருடங்களை நினைத்தால் அவை ஒரே ஒரு நீண்ட ஞாயிற்றுக்கிழமையாகத்தான் ஞாபகம் வருகின்றன. கண்ணாடிக்கு வெளியே தண்ணீருக்கு அடியில் இருப்பது போல ஊர் மெதுவாக நகரும். பூந்தமல்லியில் பூக்கூடைகள் இறங்குகிற நேரம், மல்லிகை வாசனை திறந்திருக்கும் நாலு ஜன்னல்களிலும் ஒரே சமயத்தில் நுழையும். பள்ளிவாசல் தெருவில் பாயின் பட்டறையைக் கடக்கும்போது அவர் ஸ்பேனரைத் தூக்கிக் காட்டி, "இன்னும் எம்மா தூரம் சார்?" என்று கத்துவார். "மூவாயிரத்து நூத்திப் பத்து!" என்பேன். அவருக்கும் நிலாக் கணக்கு தெரிந்திருந்தது. மழைநாளில் ஆவடிச் சாலை முழுக்கத் தண்ணீர். வண்டி ஓடம் போலப் போகும். அவள் பின்னால் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வருவாள். செந்நீர்க்குப்பம் பக்கம் செங்கல் லாரிகளைப் பார்த்து, "பாருங்க, யாரோட வீடோ நம்மளத் தாண்டிப் போகுது" என்பாள். அதில் குத்தல் இருந்ததா என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். கேட்டேன். "செங்கல்லத்தானுங்க சொன்னேன்" என்று சிரித்தாள்.

ஒரு தடவை பாடிக்குப் போகச் சொன்னாள். நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். தொழிற்சாலை ஷிப்ட் மாறுகிற நேரம். சைக்கிள்களும் லாரிகளும் பேருந்துகளுமாகச் சாலை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் விழுந்த நிறுத்தத்துக்கு எதிரே நிறுத்தினேன். ஒரு பேருந்து வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். இன்னொன்று. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் படி எவ்வளவு உசரம் இருக்குமுங்க?"

"கடைசிப் படி தரையிலேருந்து பதினாறு அங்குலம்."

"குத்துமதிப்பாவா?"

"இல்ல. அளந்தேன்."

"எப்போ?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப. மறுநாள் டெப்போவுக்குப் போய், அதே மாதிரி வண்டியில."

ஒரு பேருந்து போய், அடுத்தது வந்தது. என் தோளில் அவள் கை வந்து இருந்தது. ஆவடி வரும் வரைக்கும் எடுக்கவில்லை. அன்றைக்கு எத்தனை மைல் என்று தாளில் எழுத மறந்துபோய், மறுநாள் மீட்டரைப் பார்த்துத்தான் எழுதினேன்.

நிலாவுக்கு இன்னும் பதினொரு மைல் இருக்கும்போது ஸ்பிரிங் உடைந்தது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. வீட்டு வாசலில் திருப்பும்போது பின்பக்கம் முழங்கால் மடங்கியது போல ஒரு சரிவு. மீட்டர் 38,844. பாய் வந்து பார்த்தார். சொன்னபடியே எங்கும் கிடைக்கவில்லை. பம்பாயில் அதே வண்டி ஒன்று விபத்தில் மாட்டி நிற்கிறதாம், சொல்லி வைத்திருக்கிறார், வரலாம், வராமலும் போகலாம். அதுவரை ஒப்புக்கு ஒரு வேன் ஸ்பிரிங்கை வெட்டிப் பொருத்தினார். "இது நிக்கறதுக்குத்தான் சார். மேடம ஏத்தாதே."

ஏற்றக் கூடாது என்று நான் சொன்னேன். பதினொரு மைல்தானே என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். குவார்ட்டர்ஸ் தெருமுனை வரைக்கும் போனோம். குமிழி குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அடித்துக்கொண்டு ஓடியது.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

கண்ணாடியில் பார்த்தேன். கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். வண்டியைத் திருப்பினேன். அவளை இறக்கி, ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வெளியே பதினொரு கூரைகள்.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள் கடைசியில். "பாதியில விட்டா நல்லா இருக்காது. போயி, எப்புடி இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க." பிறகு விரலை நீட்டி எச்சரித்தாள்: "எத்தனைன்னு சொல்லக் கூடாது."

மறுநாள் விடியற்காலை குமிழை இழுத்துத் தனியாக நாற்பது எண்ணினேன். பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லிச் சாலையில் போய்விட்டுத் திரும்பினால் பதினொன்றைத் தாண்டும். போகும்போது மீட்டரையே பார்த்துக்கொண்டு போனேன். திரும்பும்போது ஏரி வந்தது. வேகத்தைக் குறைத்தேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். வெளிச்சம் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. இல்லை, அப்படிச் சொன்னால் சரியாகாது. பால் காய்ந்து ஆடை கட்டுவதற்கு முன்னால், மேலே ஒரு நடுக்கம் ஓடுமே, அப்படி. கொக்குகள் ஒரே சமயத்தில் எழுந்தன. வெளுத்த துணியை யாரோ உதறியது போல. உதறியவர் யாரென்று தெரியவில்லை. துணி மட்டும் வெகுதூரம் போய் மடிந்தது. வண்டி கண்டபடி குலுங்கிற்று. எனக்கு அது தெரியவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் வார்த்தை தேடித் தேடி, கிடைத்ததைக் கீழே சிந்தாமல் வீடுவரைக்கும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்ற பதைப்பிலேயே ஓட்டினேன்.

அவள் ஜன்னலில் இருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரம் சொல்லியிருப்பேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"நெலாவை எந்த எடத்துல தாண்டுனீங்க?"

ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தேன். 38,857. எங்கேயோ வழியில், ஏரிக்கரையிலோ அதன் வளைவிலோ, இரண்டு மைலுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தேன். நான்கு வருடம் காத்திருந்த எண், என் கண்ணெதிரே வந்து போயிருக்கிறது, நான் பார்க்கவில்லை.

"பார்க்கலை" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் முதுகு வலித்துவிட்டது. கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒன்பது வாரம் கழித்துப் பம்பாயிலிருந்து ஸ்பிரிங் வந்தது. பாய் அதைச் சாக்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, தானே கொண்டுவந்து மாட்டினார். அந்த ஒன்பது வாரமும் தினமும் சாயங்காலம் நான் அவளுக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தடுமாறித்தான் சொன்னேன். சில நாள் இட்டுக்கட்டியும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து ஏரிக்குப் போனோம். குமிழி நடுவில் நின்றது. கரையில் நிறுத்தினேன். கொக்குகள் இருந்தன, எருமைகள் இருந்தன, தண்ணீர் சேற்று நிறத்தில் சும்மா கிடந்தது. அவள் கன்னத்தைக் கண்ணாடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க சொன்னது இதவிட நல்லா இருந்துச்சே" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கூட்டிச் சொல்லிவிட்டேனோ என்று கேட்டேன்.

"இருக்கட்டும். போனது போதும், இனித் திரும்பி வரோணுமல்லங்க? அதுக்கும் அத்தனை தூரம் இருக்குது" என்று சாய்ந்து உட்கார்ந்தாள். "கெளப்புங்க."

குமிழை இழுத்தேன். ஒன்று, இரண்டு என்று அவள்தான் ஆரம்பித்தாள்.